களைமகரந்த ஒவ்வாமையும் குருதி கூறும் சான்றும்

முன்னுரை

வகுப்பாசிரியரின் மேசைமேல் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று வருகைப் பதிவேடு. மற்றொன்று மதிப்பெண் பதிவேடு. மாணவன் எத்தனை நாள் வகுப்பில் அமர்ந்திருந்தான் என்பதை முன்னது கூறும். அவன் என்ன கற்றான் என்பதைப் பின்னதே கூறும். இரண்டும் வேண்டியவைதாம். எனினும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

மருத்துவத்திலும் இத்தகைய இரு ஏடுகள் உண்டு. களைச்செடியின் மகரந்தத்தால் வரும் ஒவ்வாமைக்காக மூன்றாண்டுகள் தொடர்ந்து ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். "இவ்வளவு பணமும் காலமும் செலவிடுகிறேனே, மருந்து வேலை செய்கிறதா இல்லையா? குருதியைச் சோதித்தால் தெரிந்துவிடாதா?" என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. விடை தவறாகப் போனால், பயன் தரக்கூடிய சிகிச்சையை அவர் பாதியில் கைவிடக்கூடும். அல்லது பயன் தராத ஒன்றை ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும். ராக்வீட் என்னும் களையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களையும் காற்றும்

ராக்வீட் வட அமெரிக்காவுக்கு உரிய செடி. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் சூரியகாந்தியின் அழகு அதன் பூவுக்கு இல்லை. பச்சை நிறத்தில் யார் கண்ணிலும் படாத சிறு பூக்கள். வண்டையும் தேனீயையும் அது நம்பியிருக்கவில்லை, காற்றையே நம்பியிருக்கிறது. எனவே அளவின்றி மகரந்தத்தை வாரி இறைக்கிறது. நன்கு வளர்ந்த ஒரு செடி ஒரே பருவத்தில் நூறு கோடித் துகள்கள் வரை வெளியிடும் என்பர். ஒரு துகளின் குறுக்களவு ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர்.

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் ஆகஸ்டு நடுப்பகுதியில் இது பூக்கத் தொடங்கும். முதல் உறைபனி விழும்வரை தொல்லை நீடிக்கும். அதே பருவத்தில் 'கோல்டன்ராட்' என்னும் செடியும் பொன்னிறத்தில் பூத்துக் குலுங்குவதால் பழியை அதன்மேல் போடுவோர் பலர். ஆனால் அதன் மகரந்தம் கனமானது, பூச்சிகளால் எடுத்துச் செல்லப்படுவது. குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத ராக்வீட்டே. இன்று அங்கேரி, பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு, வட இத்தாலி ஆகிய இடங்களிலும் இக்களை வேரூன்றிவிட்டது.

ஒவ்வாமை நிகழும் முறை

மகரந்தம் மூக்கின் ஈரமான உட்சவ்வில் படிந்ததும் அதிலுள்ள புரதங்கள் கரைந்து வெளியேறுகின்றன. ராக்வீட்டில் முதன்மையான ஒவ்வாப்புரதத்தை 1960-களில் பிரித்தெடுத்து 'ஆன்டிஜென் ஈ' என்று அழைத்தனர். இன்று அதன் பெயர் 'ஆம்ப் ஏ 1'. பெரும்பாலோருக்கு இப்புரதம் தீங்கற்றது. சிலருடைய உடல் மட்டும் இதைப் பகையெனக் கருதி 'இம்யூனோகுளோபுலின் ஈ', சுருக்கமாக ஐ.ஜி.ஈ., என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது.

இந்த ஐ.ஜி.ஈ. மூலக்கூறுகள் திசுக்களிலுள்ள மாஸ்ட் செல்களின் மேலும், குருதியிலுள்ள பேசோஃபில் என்னும் வெள்ளணுக்களின் மேலும் சென்று அமர்ந்து காத்திருக்கின்றன. மறுமுறை மகரந்தப் புரதம் வரும்போது, அருகருகேயுள்ள இரு ஐ.ஜி.ஈ. மூலக்கூறுகளை அது பாலம்போல் இணைக்கிறது. உடனே செல்லிலிருந்து ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் கொட்டுகின்றன. தும்மல், மூக்கொழுகல், கண்ணரிப்பு ஆகியவை இதன் விளைவுகள். சிலருக்கு ஆஸ்துமாவும் வரும். ஆங்கிலத்தில் இதற்கு வைக்கோல் காய்ச்சல் என்று பொருள்படும் பெயர் வழங்கிவருகிறது. உண்மையில் இதற்கு வைக்கோலும் காரணமன்று. இது காய்ச்சலும் அன்று.

ஊசி மருந்தின் வரலாறு

மகரந்தமே காரணம் என்பதைத் தம் உடலிலேயே சோதித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவருடைய நூல் 1873-இல் வெளிவந்தது. 1911-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்டு நூன், புல் மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசிவழியே செலுத்தினார். மகரந்தத்தில் ஒரு நச்சு இருக்கிறது, அதற்கு எதிர்நச்சை உடலில் வளர்க்கலாம் என்பது அவர் கருத்து. கொள்கை பிழையானது, ஆனால் முறை பயன் தந்தது! அவர் 1913-இல் காசநோயால் மறைந்தார். உடன் பணியாற்றிய ஜான் ஃபிரீமன் அப்பணியைத் தொடர்ந்தார்.

இன்றும் அடிப்படை மாறவில்லை. தொடக்கத்தில் வாரந்தோறும் அளவைக் கூட்டிக்கொண்டே போய், பின்னர் மாதம் ஒருமுறை என நிலைநிறுத்தி, பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஊசி போடுவர். ஒவ்வாத பொருளையே உடலில் செலுத்துவதால் ஆபத்தும் உண்டு. ஒவ்வோர் ஊசிக்குப் பின்னும் அரைமணி நேரம் மருத்துவரின் பார்வையில் இருக்கவேண்டும் என்பது அதனால்தான். நாவின் கீழ் வைத்துக் கரைக்கும் ராக்வீட் மாத்திரைக்கு 2014-இல் அமெரிக்க அரசின் மருந்துத்துறை ஒப்புதல் அளித்தது. பூக்கும் பருவத்துக்குப் பன்னிரண்டு வாரம் முன்பே அதைத் தொடங்கவேண்டும்.

குருதிக்குள் ஒரு தேடல்

ஊசிபெற்றவரின் குருதியில் என்ன மாறுகிறது? இத்தேடலின் முதல் அடி 1921-இல் எடுத்துவைக்கப்பட்டது. ஜெர்மனியில் பிரவுஸ்னிட்ஸ் என்பவர், மீன் ஒவ்வாமை கொண்ட கூஸ்ட்னர் என்னும் தம் சக ஆய்வாளரின் சீரத்தைத் தம் தோலில் செலுத்திக்கொண்டார். பின்பு அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியபோது அங்கே தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையைச் சுமந்து செல்லும் ஏதோ ஒரு பொருள் சீரத்தில் இருக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று.

1935-இல் நியூயார்க்கில் ராபர்ட் குக்கும் அவர் குழுவினரும் அடுத்த அடியை வைத்தனர். ஊசிபெற்ற நோயாளிகளின் சீரத்தில் ஒவ்வாமைச் செயலைத் தடுக்கும் இன்னொரு பொருளும் இருப்பதைக் கண்டனர். நோயாக்கும் பொருள், தடுக்கும் பொருள் ஆகிய இரண்டும் ஒரே மனிதரின் குருதியில் சேர்ந்தே இருந்தன.

அந்த முதற்பொருளின் உருவத்தைக் கண்டவர்கள் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர். அமெரிக்காவின் டென்வர் நகரில், ராக்வீட் ஒவ்வாமை கொண்டோரின் சீரத்தைக்கொண்டே அவர்கள் 1966-இல் இதை விளக்கினர். சுவீடனில் ஜோஹன்சன், பென்னிக் ஆகியோர் வேறு வழியில் சென்று 1967-இல் அதே புரதத்தைக் கண்டனர். 1968-இல் அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயரிடப்பட்டது. ஆகவே, இன்று உலகெங்கும் நடைபெறும் ஒவ்வாமைக் குருதிச் சோதனைக்கு இந்தக் களையும் ஒருவகையில் மூலகாரணம்.

சோதனை செய்யும் முறை

1967-இல் சுவீடனில் வகுக்கப்பட்ட 'ராஸ்ட்' சோதனையின் தத்துவம் எளிது. காகிதத் தட்டு ஒன்றில் மகரந்தப் புரதத்தைப் பிணைத்து வைப்பர். அதன்மேல் நோயாளியின் சீரத்தை ஊற்றுவர். அப்புரதத்துக்கு உரிய ஐ.ஜி.ஈ. இருந்தால் அது ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி நீக்கிவிட்டு, ஐ.ஜி.ஈ.யைப் பற்றிக்கொள்ளும் மற்றோர் எதிர்ப்பொருளை, கதிரியக்க அயோடினால் அடையாளமிட்டுச் சேர்ப்பர். எஞ்சி நிற்கும் கதிரியக்கமே ஐ.ஜி.ஈ.யின் அளவு. இக்காலத்தில் கதிரியக்கத்துக்குப் பதிலாக நொதியும் ஒளிர்பொருளும் பயன்படுகின்றன. ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோ அலகு என்று முடிவைக் கூறுவர். 0.35 என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் எல்லைக்கோடு.

இச்சோதனைக்குச் சில நன்மைகள் உண்டு. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை உண்டவருக்குத் தோற்சோதனை பொய்த்துப்போகும். குருதிச் சோதனை பொய்க்காது. நோயாளியின் உடலில் ஒவ்வாப்பொருளைச் செலுத்த வேண்டியதும் இல்லை.

எண்கள் ஏறி இறங்கும் விதம்

இனி நம் கேள்விக்கு வருவோம். விளக்கத்துக்காகச் சில எண்களைக் கற்பனையாகக் கொள்வோம். ஊசி தொடங்கும் முன் ஒருவரின் ராக்வீட் ஐ.ஜி.ஈ. 12 அலகு. நான்கு மாதம் கழித்துச் சோதித்தால் 21. அவர் திடுக்கிடுகிறார். "மருந்து நோயை வளர்த்துவிட்டதே!" என்று ஊசியை நிறுத்திவிட நினைக்கிறார்.

இங்குதான் பாடம் தேவைப்படுகிறது. சிகிச்சையின் முதல் மாதங்களில் ஐ.ஜி.ஈ. உயர்வது இயல்பு. செலுத்தப்படும் புரதத்தைக் கண்டு உடல் முதலில் பழைய பழக்கத்தையே காட்டுகிறது. அதன்பின் ஆண்டுகள் செல்லச் செல்ல அளவு மெல்லக் குறையும். நம் எடுத்துக்காட்டில் ஓராண்டு முடிவில் 15, மூன்றாம் ஆண்டில் 7 என்று வைத்துக்கொள்ளலாம். எனவே முதலில் தோன்றும் ஏற்றம் தோல்வியின் அறிகுறியன்று.

இன்னொன்றும் கருதத்தக்கது. சிகிச்சை பெறாதவருக்கும் ஐ.ஜி.ஈ. ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. மகரந்தப் பருவம் முடிந்ததும் உயரும். அடுத்த பருவத்துக்குள் தாழும். ஜூன் மாதக் குருதியையும் அக்டோபர் மாதக் குருதியையும் ஒப்பிட்டால் பருவத்தின் விளைவையும் மருந்தின் விளைவையும் பிரித்தறிய இயலாது. சிகிச்சை பெற்றோரிடம் இந்தப் பருவகால ஏற்றம் மழுங்கிப்போகிறது என்பது ராக்வீட் ஆய்வுகளில் பலமுறை கண்ட உண்மை.

குக் கண்ட தடுப்புப்பொருளில் பெரும்பகுதி ஐ.ஜி.ஜி. வகையைச் சேர்ந்தது. அதிலும் ஐ.ஜி.ஜி.-4 என்னும் உட்பிரிவு சிறப்பிடம் பெறுகிறது. தொடர்ந்த சிகிச்சையால் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகி, 'இன்டர்லூகின்-10' என்னும் செய்திப்பொருளைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் பி செல்கள் ஐ.ஜி.ஜி.-4-ஐ உண்டாக்குகின்றன. மகரந்தப் புரதம் ஐ.ஜி.ஈ.யை அடையும் முன்பே ஐ.ஜி.ஜி.-4 அதைப் பற்றிக்கொள்கிறது. வாசலிலேயே மடக்கிவிடும் காவலாளி என்று கூறலாம். சிகிச்சையின்போது இது பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை உயர்கிறது.

வருகையும் தேர்ச்சியும்

இவ்வளவு பெரிய உயர்வைக் கண்டதும், "இதோ சான்று கிடைத்துவிட்டது" என்று மகிழத் தோன்றும். ஆனால் இது வருகைப் பதிவேடே! மருந்து உடலில் சேர்ந்தது, உடல் அதைக் கவனித்தது என்பதற்கு இது சான்று. நோய் குறைந்தது என்பதற்குச் சான்றன்று. நலம் பெற்றவர்களிடமும் பெறாதவர்களிடமும் ஐ.ஜி.ஜி.-4 உயரக் காணலாம். குழுவாக நோக்கும்போது தெரியும் தொடர்பு, தனிமனிதரிடம் வரும்போது நழுவிவிடுகிறது.

இதை உணர்த்தும் ஆய்வு ஒன்று 1996-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிரெடிகோசும் அவர் குழுவினரும், ராக்வீட் பருவத்தில் ஆஸ்துமா மிகும் வயதுவந்தோரை ஆராய்ந்தனர். ஒரு சாராருக்கு உண்மை மருந்து. மறுசாராருக்குப் போலி மருந்து. தொடங்கியவர்கள் 77 பேர். இரண்டாண்டையும் நிறைவு செய்தவர்கள் 53 பேர். உண்மை மருந்து பெற்றவர்களின் குருதியில் ராக்வீட்டுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. உயர்ந்தது, ஐ.ஜி.ஈ.யின் பருவகால ஏற்றம் மறைந்தது. தோலின் உணர்ச்சியும் குறைந்தது. குருதியை மட்டும் பார்த்தால் முழுவெற்றி. ஆனால் ஆஸ்துமாவில் கிடைத்த நன்மையோ சிறிது. அதிலும் பல கூறுகள் இரண்டாம் ஆண்டுவரை நிலைக்கவில்லை. பதிவேட்டில் முழு வருகை. தேர்வில் குறைந்த மதிப்பெண்!

அப்படியானால் மதிப்பெண் ஏடு எது? நோயாளியின் நாட்குறிப்பே அது. பருவகாலத்தில் நாள்தோறும் தும்மல், மூக்கொழுகல், மூக்கடைப்பு, மூக்கரிப்பு, கண்ணரிப்பு, கண்ணீர் வடிதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை தாமே மதிப்பெண் இட்டுக்கொள்வது வழக்கம். எத்தனை மாத்திரை தேவைப்பட்டது என்பதையும் எழுதவேண்டும். மாத்திரையைக் கூட்டித் தொல்லையைக் குறைத்திருந்தால் அது ஊசியின் வெற்றியாகாதல்லவா? அவ்வாண்டு காற்றில் மகரந்தம் எவ்வளவு இருந்தது என்பதும் தெரியவேண்டும். ஹர்ஸ்ட் என்பவர் 1952-இல் அமைத்த காற்றுறிஞ்சும் கருவியின் வழிவந்த கருவிகள் ஒரு கன மீட்டர் காற்றிலுள்ள துகள்களை எண்ண உதவுகின்றன. மகரந்தம் குறைந்த ஆண்டில் எல்லா மருந்தும் நல்ல மருந்தாகத் தோன்றும்.

புதிய சோதனைகள்

அளவைவிடத் தரமே முக்கியம் என்னும் எண்ணத்தில் புதிய சோதனைகள் பிறந்துள்ளன. ஒன்றில், நோயாளியின் சீரத்தை மகரந்தப் புரதத்தோடும் ஐ.ஜி.ஈ. மிகுந்த வேறொரு சீரத்தோடும் கலந்து, புரதமும் ஐ.ஜி.ஈ.யும் சேர்ந்த கூட்டுப்பொருள் பி செல்களின்மேல் ஒட்டுவது எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கின்றனர். காவலாளிகள் எத்தனை பேர் என்று எண்ணாமல், அவர்கள் எத்தனை திருடரைப் பிடித்தனர் என்று கேட்பது போன்றது இது. புல் மகரந்த ஒவ்வாமையில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, ஊசியை நிறுத்தியபின் ஐ.ஜி.ஜி.-4 பெருமளவு குறைந்தும் தடுக்கும் திறன் நிலைத்திருந்ததைக் காட்டியது. இன்னொன்று, பேசோஃபில் அணுக்களைக் குழாயில் மகரந்தப் புரதத்தோடு சேர்த்து, அவை எவ்வளவு எளிதில் தூண்டப்படுகின்றன என்று பார்ப்பது. இதற்குப் புதிதாக எடுத்த குருதியும் விலையுயர்ந்த கருவியும் வேண்டும்.

இத்தகைய சான்றுகளையெல்லாம் ஏழு பிரிவுகளாகப் பகுத்து ஆராய்ந்த ஐரோப்பிய ஒவ்வாமைக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை, சிகிச்சையின் பயனை முன்கூட்டியோ பின்னரோ உறுதியாகக் காட்டும், எல்லோரும் ஏற்ற குருதிச் சான்று எதுவும் இல்லை என்றே முடிவு கூறியது.

குருதிச் சோதனை உதவும் இடம்

இதனால் குருதிச் சோதனை வீண் என்று கருதிவிடக் கூடாது. அதன் பெரும்பயன் சிகிச்சை தொடங்கும் முன்னர். ராக்வீட்டும் மக்வர்ட் என்னும் மற்றொரு களையும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் பூக்கும் இடங்கள் உண்டு. தோற்சோதனையில் இரண்டுக்கும் தடிப்பு எழலாம். பல செடிகளுக்குப் பொதுவான 'புரோஃபிலின்' போன்ற புரதமும் அதற்குக் காரணமாகலாம். குருதியில் 'ஆம்ப் ஏ 1' புரதத்துக்கும், மக்வர்ட்டின் 'ஆர்ட் வி 1' புரதத்துக்கும் உரிய ஐ.ஜி.ஈ.யைத் தனித்தனியே அளந்தால் உண்மைக் குற்றவாளி யார் என்று தெரியும். பிழையான களைக்கு மூன்றாண்டு ஊசி போடும் அவலம் தவிர்க்கப்படும்.

நம் நாட்டுப் பார்த்தீனியம்

இக்களையின் நெருங்கிய உறவு நம் கல்லூரி மதிலோரத்திலும் வளர்கிறது. 1955-ஆம் ஆண்டளவில் புனே நகரில் கவனிக்கப்பட்டு, இன்று நாடெங்கும் பரவிவிட்ட பார்த்தீனியமே அது. ராக்வீட்டும் பார்த்தீனியமும் சூரியகாந்திக் குடும்பத்தின் ஒரே உட்பிரிவைச் சேர்ந்தவை. பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள், ஒன்றின் மகரந்தத்துக்கு எதிராக எழுந்த ஐ.ஜி.ஈ. மற்றொன்றின் மகரந்தத்தையும் பற்றிக்கொள்வதை 1990-களின் தொடக்கத்தில் காட்டினர். எனவே, ராக்வீட்டைக் கண்ணாலும் கண்டிராத ஒருவரின் குருதி அதற்கு 'ஆம்' என்று விடை கூறக்கூடும். எண்ணைப் படிக்குமுன் அவர் வாழும் ஊரின் செடிகளைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

மற்றொரு வேறுபாடும் உண்டு. பார்த்தீனியத்தைத் தொட்டோர்க்கு வரும் தோல் அழற்சி பெரும்பாலும் டி செல்களின் நேரடிச் செயலால் வருவது. அச்செடியிலுள்ள பார்த்தெனின் போன்ற பொருள்கள் அதற்குக் காரணம். அங்கே ஐ.ஜி.ஈ. சோதனை உதவாது, தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனையே தேவை. செடி ஒன்றே ஆயினும் நோய் இரண்டு, அளவுகோலும் இரண்டு.

முடிவுரை

எண்ணுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. அச்சிட்ட தாளில் தசமப் புள்ளியோடு வரும்போது அது ஐயத்துக்கு அப்பாற்பட்டதுபோல் தோன்றுகிறது. ஆனால் ஓர் எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதை அறியாமல் அந்த எண்ணை நம்புவது அறிவியலாகாது. நான்காம் மாதத்தில் 21 என்ற எண்ணைக் கண்டு திடுக்கிட்ட அந்த நோயாளிக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: "ஐயா, இவ்வெண்ணைக் கண்டு ஊசியை நிறுத்தவேண்டாம், நாளை இது குறைந்தாலும் குணமாகிவிட்டதென்று கொள்ளவேண்டாம். வருகிற ஆகஸ்டில் நாட்குறிப்பை ஒழுங்காக எழுதுங்கள். அந்த ஏட்டையும் இந்தத் தாளையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்."

குருதி பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது தந்த விடையை, கேட்ட கேள்விக்கு உரியதாக எடுத்துக்கொள்வதே பிழை.